லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு!

உங்க கேமிங் லேப்டாப்பைக் கொஞ்சம் கிட்ட இழுங்க. பக்கவாட்டுல ஒரு ஹெச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும். பக்கத்துலயே சின்னதா ஒரு டைப்-சி ஓட்டையும் இருக்கலாம். அந்த ஓட்டைகளுக்குப் பின்னாடி உள்ள கம்பி உள்ளே எங்கே போய்ச் சேருதுன்னு உங்களால சொல்ல முடியுமா?

முடியாதா? கவலையை விடுங்க பாஸ். போன டிசம்பர் வரைக்கும் எனக்கும் தெரியாது. அது தெரியாததால, எங்க சித்தியோட ஏலச்சீட்டுப் பணம் கண்ணு முன்னாடியே கரைஞ்சுபோக இருந்தது. அந்தக் கதையைச் சொல்லிக்கிட்டே சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டையும் உங்களுக்குச் சுத்திக் காட்டுறேன். வாங்க, கிளம்பலாம்!

எதுக்கு இந்தப் பயணம்?

சித்தி பையன் விருதுநகர்ப் பக்கம். ஆர்க்கிடெக்சர் கடைசி வருஷம். தீசிஸுக்கு அவன் எடுத்த விஷயம், ஒரு சின்ன ஊர் பஸ் ஸ்டாண்ட். சக்கர நாற்காலியில வர்றவங்க யார் உதவியும் இல்லாம டிக்கெட் எடுத்து, பஸ் ஏறி, டாய்லெட் போய்த் திரும்ப முடியணும். அதுதான் டிசைன். படம் வரைஞ்சாச்சு. மாடல் பண்ணியாச்சு. ஆனா ஜூரியில உட்காரப் போற பேராசிரியர்கள் எல்லாரும் நின்னபடியே பார்த்துட்டு, 'ஓகே, நல்லா இருக்கு'ன்னு போயிடுவாங்களேன்னு பயலுக்குக் கவலை. 'அவங்களை அந்த நாற்காலியில உட்கார வச்சுக் காட்டணும்ணே. வி.ஆர். ஹெட்செட் ஒண்ணு இருந்தா போதும்' என்றான்.

நியாயமான ஆசைதானே? சித்தி வீட்டுல தையல் மெஷின் வச்சு பிளவுஸ் தைக்கிறாங்க. சீட்டு எடுத்ததுல முப்பத்தஞ்சாயிரம் ரூபாயை அப்படியே அவன் அக்கவுன்ட்டுல போட்டுட்டாங்க. லேப்டாப் ஏற்கெனவே செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. ஜிடிஎக்ஸ் 1660 டிஐ கார்டு, 16 ஜிபி ரேம். 'கேமிங் லேப்டாப்புண்ணே, எல்லாம் ஓடும்' என்று ஒரே நம்பிக்கை.

ஓடுமா? அதைப் பார்க்கத்தான் கிளம்பினோம்.

தெருவுக்குள்ள நுழையும் முன்...

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போக ரெண்டு சுலபமான வழி. மெட்ரோ ரயில்ல வந்தா கவர்ன்மென்ட் எஸ்டேட் ஸ்டேஷன்ல இறங்கி நடக்கலாம். பறக்கும் ரயில்னா சிந்தாதிரிப்பேட்டை. பைக் எடுத்துட்டுப் போற ஐடியா இருந்தா இப்பவே மறந்துடுங்க. அங்கே பார்க்கிங் கிடைக்கிறது, கேம்பஸ் இன்டர்வியூவுல முதல் கம்பெனியிலேயே வேலை கிடைக்கிற மாதிரி. ஞாயித்துக்கிழமையும் வேண்டாம், பெரும்பாலான கடைக்கு ஷட்டர் இறங்கியிருக்கும். வாரநாள்ல காலை பதினொன்றரைக்குள்ள போனா கடைக்காரர்கள் நின்னு பதில் சொல்வாங்க. சாயங்காலம் போனா, 'சொல்லு சொல்லு' என்று சொல்லிக்கொண்டே வேறொருத்தருக்கு பில் போடுவாங்க.

மவுன்ட் ரோட்டை ஒட்டின சின்னத் தெருதான் அது. ஆனா நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு எல்லாத்தையும் சேர்த்துத்தான் சென்னைவாசிகள் 'ரிச்சி ஸ்ட்ரீட்' என்கிறார்கள். ஒரு காலத்துல ரேடியோ, டேப் ரெக்கார்டர் உதிரிப் பாகம் விற்ற ஏரியா. அப்புறம் டி.வி., அப்புறம் கம்ப்யூட்டர், இப்போ சிசிடிவி கேமரா, மொபைல் டிஸ்ப்ளே, ட்ரோன் மோட்டார். தில்லி நேரு பிளேஸுக்கு அடுத்து இந்தியாவிலேயே இதுதான்னு தெருக்காரங்க காலரைத் தூக்கிவிட்டுக்கிறாங்க. தலைக்கு மேலே ஒயர், காலுக்குக் கீழே அட்டைப்பெட்டி, காத்துல சால்டரிங் வாசனை. நடுவுல கைவண்டியில ஒருத்தர் ஐம்பது மானிட்டரைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போவார். ஒதுங்கிடுங்க. அவருக்கு பிரேக் கிடையாது.

உள்ளே காலை வச்சதும் மந்திரம் மாதிரி ஒரு குரல் தொடரும். 'என்னா வேணும் சார்... லேப்டாப் சர்வீஸா, பேட்டரியா, டிஸ்ப்ளேவா, சார்ஜரா...' சிரிச்சுட்டு நடந்துக்கிட்டே இருங்க. நின்னா வாங்க வச்சிடுவாங்க.

ஏன் இவ்வளவு அலட்டல்?

'கேம் ஓடுற லேப்டாப்புல வி.ஆர். ஓடாதா?' இது நீங்க கேட்க வேண்டிய கேள்வி. நானும் கேட்டேன்.

சாதாரண கேம் நொடிக்கு முப்பது ஃப்ரேம்ல ஓடினாக்கூட ஒப்பேத்திடலாம். வி.ஆரில் அது நடக்காது. பல ஹெட்செட்டுகள் நொடிக்கு 90 ஃப்ரேம் கேட்கும். அதாவது ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கிற நேரம் 11 மில்லி செகண்டுதான். அதுக்குள்ள ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா படம் வரைஞ்சு முடிக்கணும். நீங்க தலையைத் திருப்புறீங்க, படம் லேட்டாத் திரும்புது என்று வச்சுக்குங்க. காது நகர்ந்துட்டேன்னு சொல்லுது, கண்ணு இல்லைங்குது. அந்தச் சண்டையில வயிறு தோத்துடும். கொடைக்கானல் பஸ்ல கடைசி சீட்டுல உட்கார்ந்தவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2016 மார்ச்சில் ஆக்குலஸ் ரிஃப்ட், ஏப்ரலில் எச்டிசி வைவ் வெளியானப்போ நிலைமை இன்னும் மோசம். ரிஃப்ட் கேட்டது டெஸ்க்டாப் ஜிடிஎக்ஸ் 970 கார்டு. அன்னைக்கு இருந்த லேப்டாப்புல பெரும்பாலானது வாசல்லயே திரும்பிடுச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்டில் என்விடியா 10 வரிசைக் கார்டுகளை லேப்டாப்புக்கும் கொண்டுவந்த பிறகுதான் 'வி.ஆர். ரெடி'ன்னு ஸ்டிக்கர் ஒட்டின லேப்டாப்புங்க தாராளமா வர ஆரம்பிச்சது. அந்த ஸ்டிக்கரை மட்டும் நம்பலாமா? படிங்க, சொல்றேன்.

முதல் கடை: 'பேக் பண்ணவா?'

முதல்ல நுழைஞ்ச கடையில விஷயத்தைச் சொல்லி முடிக்கலை. லேப்டாப்பைத் திறக்கக்கூட விடலை. 'பதினாறு ஜிபி ரேமா? சூப்பரா ஓடும் தம்பி' என்று சொல்லி மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை இறக்கினார். உள்ளே கறுப்பு ஹெட்செட், ரெண்டு கன்ட்ரோலர். 'வின்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டி. புதுசுன்னா எவ்ளோ தெரியுமா? செகண்ட்ஸ், ஒன்பதாயிரம். உனக்காக எட்டரை. பேக் பண்ணவா?'

தம்பி கண்ணுல ஒரு வெளிச்சம் பாருங்க! முப்பத்தஞ்சுல எட்டரை போனா மீதி இருபத்தாறரை. அம்மாவுக்குத் திருப்பி அனுப்பலாம். கை பர்ஸுக்குப் போயிடுச்சு. எனக்கும் அது நல்ல டீல்னுதான் பட்டது.

தடுத்தது ஒரு எழுத்துதான். டப்பா மேல இருந்த பேரை செல்போன்ல தட்டிப் பார்த்துட்டுத் தம்பி முகம் சுருங்கிடுச்சு. அந்த வகை ஹெட்செட்டுக்கு உயிர் கொடுத்த மிக்ஸ்ட் ரியாலிட்டியை மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பரிலேயே கைவிடப் போறதா அறிவிச்சிடுச்சு. 2024-ல வந்த வின்டோஸ் 11, 24எச்2 வெர்ஷன்ல அதை எடுத்தும் விட்டாங்க. தம்பி லேப்டாப்புல 'வின்வெர்' என்று தட்டிப் பார்த்தோம். 24எச்2.

கேட்டதுக்குக் கடைக்காரர், 'பழைய வின்டோஸ் போட்டுக்க தம்பி, அதுக்கு முந்நூறு' என்றார். அவர் பொய் சொல்லலை. பழசைப் போட்டா ஓடலாம். ஆனா தீசிஸ் முழுக்க இருக்கிற ஒரே லேப்டாப்பை, ஜூரிக்கு மூணு வாரம் முன்னாடி யாராவது துடைச்சுப் போடுவாங்களா? கும்பிட்டு வெளியே வந்தோம்.

சோ, பாடம் நம்பர் ஒண்ணு: விலை ரொம்பக் குறைவா இருந்தா ஹெட்செட்டைத் தட்டிப் பார்க்காதீங்க. அதுக்குப் பின்னாடி இருக்கிற சாஃப்ட்வேர் உயிரோட இருக்கான்னு பாருங்க.

ரெண்டு குழாய், ஒரே பித்தளை

ரெண்டாவது கடையில வேற மாதிரி. அந்த அண்ணன் நிதானமானவர். 'ஹெட்செட்டை அப்புறம் பார்ப்போம், லேப்டாப்பைத் திற' என்றார். நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துட்டு, 'டிஸ்ப்ளே போர்ட் இல்லையே' என்றார்.

இங்கேதான் ஓட்டை விவகாரம் வருது. ஹெட்செட்டுல ரெண்டு ஜாதி. முதல் ஜாதி, கயிறு கட்டினது. படம் நேரா கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து வீடியோ கேபிள் வழியா வரணும். முதல் ரிஃப்ட்டுக்கு ஹெச்டிஎம்ஐ. 2019-ல வந்த ரிஃப்ட் எஸ், வால்வ் இண்டெக்ஸ் ரெண்டுக்கும் டிஸ்ப்ளே போர்ட். ரெண்டாவது ஜாதி, க்வெஸ்ட் மாதிரி. தனக்குள்ளேயே ஒரு குட்டி கம்ப்யூட்டரை வச்சிருக்கும். லேப்டாப்போட சேரணும்னா யூஎஸ்பி கேபிளோ வைஃபையோ போதும். 2019 நவம்பரில் 'லிங்க்' என்ற வசதி வந்தது முதல் இந்த வழி திறந்தது.

'ஹெச்டிஎம்ஐ இருக்கே, ஒரு கன்வெர்ட்டர் போட்டுக்கலாமே' என்றேன் நான், பெரிய மேதை மாதிரி.

அவர் சிரிச்சார். 'உங்க வீட்டுல போர் தண்ணி ஒரு குழாய், மெட்ரோ வாட்டர் ஒரு குழாய் இருக்கா சார்? வெளியில பார்த்தா ரெண்டும் ஒரே பித்தளைக் குழாய்தான். குடிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்' என்றார்.

அதேதான் லேப்டாப்புலயும். உள்ளே ரெண்டு கிராஃபிக்ஸ் இருக்கு. பிராசஸரோட ஒட்டிக்கிட்டு இருக்கிற சின்னது ஒண்ணு, என்விடியா போன்ற பெருசு ஒண்ணு. பேட்டரி மிச்சம் பிடிக்க, பெருசு வரைஞ்ச படத்தைச் சின்னது வழியா திரைக்கு அனுப்புற ஏற்பாடு 2010 வாக்கிலேயே வந்தாச்சு. சில லேப்டாப்புல ஹெச்டிஎம்ஐ ஓட்டையும் சின்னதோட கட்டுப்பாட்டுல இருக்கும். சிலதுல பெருசோட நேரடித் தொடர்புல இருக்கும். கயிறு கட்டின ஹெட்செட்டுக்கு அந்த நேரடித் தொடர்பு வேணும். இல்லைன்னா கார்டு எவ்வளவு பலசாலியா இருந்தாலும் ஹெட்செட் கண்ணைத் திறக்காம அடம் பிடிக்கும். கன்வெர்ட்டரிலும் ஒரு சூட்சுமம் இருக்கு. டிஸ்ப்ளே போர்ட்டை ஹெச்டிஎம்ஐ-யா மாத்துற கன்வெர்ட்டர் தெருவெல்லாம் கிடைக்கும். அதைத் திருப்பிப் போட்டா வேலை செய்யாது.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரொம்ப ஈஸி. அந்த அண்ணன் கடை மானிட்டரோட ஹெச்டிஎம்ஐ கேபிளை நம்ம லேப்டாப்புல சொருகினார். என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து 'பிஸிக்ஸ்' என்ற பக்கத்துக்குப் போனார். அதுல ஒரு படம் வரும். எந்தத் திரை எந்தக் கார்டுக்குக் கீழே தொங்குதுன்னு கோடு போட்டுக் காட்டும். நாங்க மூணு பேரும் தலையை உள்ளே விட்டுப் பார்த்தோம்.

மானிட்டர், இன்டெல்லுக்குக் கீழே.

டைப்-சி ஓட்டையில டிஸ்ப்ளே கேபிள் போட்டுப் பார்த்தோம். மானிட்டர் 'நோ சிக்னல்' என்றது. அதுல டேட்டா மட்டும்தான் போகும். ஆக, கயிறு கட்டின ஜாதி மொத்தமும் அவுட். ஒரு நிமிஷ வேலை. இதைப் பார்க்காம ஒரு செகண்ட் ஹேண்ட் ரிஃப்ட் எஸ் வாங்கியிருந்தா, சீட்டுப் பணம் ஷோகேஸ்ல பொம்மையா உட்கார்ந்திருக்கும்.

'யூஎஸ்பி 3 இருக்கு. க்வெஸ்ட்டுதான் உனக்கு வழி' என்றார் அண்ணன். காசு? 'ஒண்ணும் வேணாம். கேபிள் தேவைப்பட்டா இங்க வா.'

ரிச்சி ஸ்ட்ரீட்டைப் பத்தி ஊர்ல ஆயிரம் சொல்வாங்க. இப்படிப்பட்டவங்களும் அங்கேதான் இருக்காங்க பாஸ்.

மாடிப்படி ஏறினா ஒரு டாக்டர்

'சரி, க்வெஸ்ட்டே வாங்கிடலாம்' என்று தம்பி குதிச்சான். 'இரு, முதல்ல உன் கார்டு தாங்குமான்னு பார்ப்போம்' என்று ஒரு டீக்கடையில உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு டீ, ரெண்டு சமோசா. பக்கத்துக் கடையில கெஞ்சிக் கூத்தாடி சார்ஜரை பிளக்குல சொருகினோம். சார்ஜர் கட்டாயம் வேணும். பேட்டரியில ஓடும்போது பெரிய கார்டு பாதி பலத்துலதான் வேலை செய்யும்.

வால்வ் கம்பெனி 2016-லேயே 'ஸ்டீம்விஆர் பெர்ஃபாமன்ஸ் டெஸ்ட்'னு ஒண்ணு இலவசமா விட்டிருக்கு. ஹெட்செட் இல்லாமலேயே ஓட்டலாம். முந்தின நாளே வீட்டு வைஃபையில இறக்கி வச்சிருந்தோம். சில நிமிஷத்துல முடிஞ்சிடும். கடைசியில ஒரு முள் சிவப்பு, மஞ்சள், பச்சை மூணுல ஒண்ணைக் காட்டும்.

பச்சை! தம்பி டீ கிளாஸைத் தூக்கி சியர்ஸ் சொன்னான்.

இங்கே ஒரு பிரேக். அந்த டெஸ்ட் வந்தது 2016 ஹெட்செட்டுகளை மனசுல வச்சு. எச்டிசி வைவ் ஒரு கண்ணுக்கு 1080க்கு 1200 புள்ளி. 2020-ல வந்த க்வெஸ்ட் 2 ஒரு கண்ணுக்கு 1832க்கு 1920. 2023-ல வந்த க்வெஸ்ட் 3, 2064க்கு 2208. புள்ளி கூடக்கூட கார்டுக்கு வேலையும் கூடும். அதனால சிவப்பு வந்தா ஆசையை விட்டுடுங்க. பச்சை வந்தா 'இன்னும் பார்க்கலாம்' என்று மட்டும் அர்த்தம்.

இன்னொண்ணு, ஜூரி ரெண்டு நிமிஷத்துல முடியாதே! ஆறு பேர் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தா ஒரு மணி நேரம் ஆகும். அதனால 'யூனிஜின் ஹெவன்' என்ற இன்னொரு இலவச டெஸ்ட்டை ஓடவிட்டு, சமோசாவைக் கடிச்சுக்கிட்டே வேடிக்கை பார்த்தோம். அது பாட்டுக்குச் சுத்திச் சுத்தி ஓடும், சூட்டையும் காட்டும். பத்து நிமிஷம் நல்லா இருந்தது. பதினஞ்சாவது நிமிஷம் 87 டிகிரி. ஃபேன் சத்தம் பல்லவன் பஸ் மாதிரி. இருபதாவது நிமிஷம் படம் திக்கித் திக்கி வர ஆரம்பிச்சது. சூடு ஏறினதும் கார்டு தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்குது. மானிட்டர்ல அது சின்ன உறுத்தல். ஹெட்செட்டுல, எச்.ஓ.டி. மடியில வாந்தி.

தம்பிக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. 'விடுண்ணே. அம்மாகிட்ட வேணாம்னு சொல்லிடுறேன். சீட்டு எடுத்ததுல தள்ளுபடி வேற போயிருக்கு...' என்று முடிக்காம நிறுத்தினான்.

கேபிள் அண்ணன் சொன்ன ஒரு சர்வீஸ் கடை ஞாபகம் வந்தது. ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய மாடிப்படி. மேலே பத்துக்குப் பத்து ரூம், நாலு மேஜை, மேஜைக்கு ஒரு லேப்டாப் வயித்தைத் திறந்துக்கிட்டுப் படுத்திருக்கு. பூதக்கண்ணாடியை நெத்தியில ஏத்தியிருந்த பெரியவர் லேப்டாப்பைக் காதுக்கிட்ட வச்சுக் கேட்டார். நிஜமாத்தான்! 'மூச்சு விட முடியலை இதுக்கு' என்றார்.

பின்மூடியைக் கழட்டினப்போ எங்களுக்கே வெட்கமாயிடுச்சு. ஃபேனுக்கும் செம்புத் தகடுக்கும் நடுவுல ஒரு பஞ்சு மெத்தை. முந்தைய ஓனர் வீட்டுத் தூசி, தம்பி ஹாஸ்டல் தூசி, சித்தி தையல் மெஷின் பக்கத்துல உட்கார்ந்து வேலை பார்த்ததுல சேர்ந்த நூல் பிசிறு, எல்லாம் சேர்ந்த கலவை. ஒரு சிவப்பு நூல்கூட இருந்தது. தம்பி அதை எடுத்துக் கையில வச்சுக்கிட்டு ஒண்ணும் பேசலை.

பெரியவர் பிரஷ் போட்டு, ஊதி, காய்ஞ்சுபோன பேஸ்ட்டைச் சுரண்டி, புது தெர்மல் பேஸ்ட் தடவி மூடினார். முக்கால் மணி நேரம், 600 ரூபாய். திரும்ப ஹெவனை ஓட்டினோம். அரை மணி நேரம் ஆகியும் 76 டிகிரியைத் தாண்டலை. திக்கலை. 'அடியில ரெண்டு எரேசரை வச்சுத் தூக்கி வை, இன்னும் ரெண்டு டிகிரி குறையும்' என்றார். சொன்ன மாதிரியே குறைஞ்சது.

வாங்கணுமா? வேணாமா?

இப்போ லேப்டாப் பாஸ். பையில பணமும் இருக்கு. பெரியவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். 'எத்தனை நாளைக்கு வேணும்?'

ஜூரிக்கு ஒரு நாள். அதுக்கு முன்னாடி செஞ்சு பார்க்க ரெண்டு நாள்.

'மூணு நாளைக்கு எதுக்குப்பா வாங்குற? கல்யாணத்துக்கு பாத்திரம் வாங்குவாங்களா? வாடகைக்குத்தானே எடுப்பாங்க?'

எங்க ரெண்டு பேர் மண்டையிலும் அது ஏன் உறைக்கலைன்னு இன்னைக்கு வரைக்கும் புரியலை. கண்காட்சிக்கும் கம்பெனி விழாவுக்கும் ஹெட்செட் வாடகைக்கு விடுற ஆளோட நம்பரைப் பெரியவரே கொடுத்தார். க்வெஸ்ட் 2, ஒரு நாளைக்கு 1,200 ரூபாய். அட்வான்ஸ் தனி, அது திரும்பி வந்துடும். கீழே இறங்கி வந்து கேபிள் அண்ணன்கிட்ட மூணு மீட்டர் யூஎஸ்பி 3 கேபிள் ஒண்ணு வாங்கினோம். செல்போன் சார்ஜர் கேபிள் பலதும் யூஎஸ்பி 2 வேகம்தான், நொடிக்கு 480 மெகாபிட். 3.0-வுக்கு 5 ஜிகாபிட் வரை. க்வெஸ்ட்டோட லேப்டாப் சாஃப்ட்வேர்லேயே கேபிளைச் சோதிக்கிற பட்டன் இருக்கு. வாங்கினதும் அழுத்திப் பாருங்க.

'வைஃபையிலேயே ஓட்டலாமே?'ன்னு கேட்பீங்க. ஓட்டலாம். ஆனா லேப்டாப்பிலிருந்து ரூட்டருக்கு லேன் கேபிள் போகணும், ரூட்டர் அதே ரூம்ல இருக்கணும், 5 கிகாஹெர்ட்ஸ் வேணும். நூறு பேர் படம் இறக்குற ஹாஸ்டல் வைஃபையில அதை நினைச்சே பார்க்காதீங்க.

மெட்ரோ ஸ்டேஷன் படியில உட்கார்ந்து தம்பி சித்திக்கு போன் போட்டான்.

'அம்மா, வாங்கலைம்மா.'

'ஏன்டா, ஓடலையா?'

'ஓடுது. வாடகைக்கு எடுத்துக்கலாம்னு... மிச்சத்தை அனுப்பிடுறேன்.'

'சரி, பத்திரமா வா. சாப்பிட்டியா?'

அவ்வளவுதான். முப்பத்தஞ்சாயிரத்தைப் பத்தின பேச்சு அதோட முடிஞ்சிடுச்சு.

நாற்காலி உயரத்துல...

ஹெட்செட் வந்த அன்னைக்கு நானும் கூட இருந்தேன். தம்பி ட்வின்மோஷன் சாஃப்ட்வேர்ல மாடலை ஏத்தினான். முதல்ல தடுமாறிச்சு. காரணம், ஸ்டாண்டைச் சுத்தி அறுபது வேப்பமரம் நட்டிருந்தான். மரத்தைப் பன்னிரண்டா குறைச்சான், கண்ணாடி பளபளப்பைக் குறைச்சான். சரியாயிடுச்சு. கார்டு மட்டும் பலமா இருந்தா போதாது பாஸ், நாம ஏத்துற சுமையும் அளவா இருக்கணும்.

அப்புறம் ஒரு பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்து, கண் உயரத்தை நாலு அடிக்குக் கொஞ்சம் கீழே வச்சு, ஹெட்செட்டை மாட்டிக்கிட்டான். அவனே வரைஞ்ச சாய்தளத்துல ஏறினான். டிக்கெட் கவுன்ட்டருக்கு வந்தான். நின்னுட்டான்.

'அண்ணே, உள்ளே இருக்கிறவர் முகம் தெரியலை.'

'என்னடா?'

'கவுன்ட்டர் உயரத்தைச் சரியாத்தான் போட்டிருக்கேன். ஆனா கண்ணாடியில பேசுற ஓட்டையை நின்னு பேசுறவங்க வாய்க்கு நேரா வச்சுட்டேன். இங்கிருந்து பார்த்தா சட்டமும் கிரில்லும்தான் தெரியுது. கையை நீட்டி காசு கொடுக்கலாம். யார்கிட்ட கொடுக்கிறோம்னு தெரியாது.'

எட்டு மாசமா அந்தப் படத்தையே பார்த்துக்கிட்டு இருந்தவன். கைடு பார்த்திருக்கார், கிளாஸே பார்த்திருக்கு. யார் கண்ணுலயும் படலை. நாலு அடி உயரத்துல உட்கார்ந்து பார்த்தப்போதான் பட்டது. அன்னைக்கு ராத்திரியே அந்தக் கவுன்ட்டரைத் திருத்தி வரைஞ்சான். ஜூரியில அதே சேரைப் போட்டு, பழைய கவுன்ட்டர் ஒண்ணு, புதுசு ஒண்ணுன்னு ரெண்டையும் காட்டினான். ஒரு பேராசிரியை ஹெட்செட்டைக் கழட்டிட்டு ரொம்ப நேரம் அந்த சேர்லயே உட்கார்ந்திருந்தாங்களாம். மார்க் இன்னும் வரலை. வந்தா சொல்றேன்.

நீங்க கிளம்பும்போது...

பையில போட வேண்டியது: லேப்டாப்போட ஒரிஜினல் சார்ஜர், ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிள், வீட்டிலேயே இறக்கி வச்ச ரெண்டு டெஸ்ட், குடிக்கத் தண்ணி.

வீட்டிலேயே பார்க்க வேண்டியது: டாஸ்க் மேனேஜரில் கார்டோட முழுப் பேர். அப்புறம், நீங்க வாங்கப் போற ஹெட்செட் கம்பெனியோட ஆதரவுப் பட்டியல்ல அந்தப் பேர் இருக்கான்னு பாருங்க. நம்ம ஊர்ல லேப்டாப்புலெல்லாம் பரவலா வந்த ஜிடிஎக்ஸ் 1650, மெட்டாவோட லிங்க் பட்டியல்ல சேரலை. பேர் ஒண்ணா இருந்தாலும் பலம் ஒண்ணா இருக்காது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். ஒரே ஆர்டிஎக்ஸ் 3060, ஒரு லேப்டாப்புல 60 வாட், இன்னொண்ணுல 115 வாட். என்விடியா கன்ட்ரோல் பேனலில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்ற இடத்துல உங்க வாட் எவ்வளவுன்னு இருக்கும்.

தெருவுல கேட்க வேண்டியது: 'ஓடுமா?' என்று கேட்காதீங்க. எல்லாரும் ஓடும்னுதான் சொல்வாங்க. 'இங்கேயே ஓட்டிக் காட்டுறீங்களா?' என்று கேளுங்க. யார் மானிட்டர் கேபிளை எடுத்து நீட்டுறாரோ, அவர் கடையில வாங்குங்க.

அப்புறம் அந்த மாடிப்படியில ஏறும்போது தலையைக் குனிஞ்சுக்குங்க. நான் குனியலை. வீக்கம் ரெண்டு நாள் இருந்தது!